ப்ளூ லகூன் இயற்கைக் குளமா? ஐஸ்லாந்து போகிறவர்கள் கவனத்துக்கு

வடக்குவாசல்: "ஐஸ்லாந்தின் அழகே ப்ளூ லகூன்தான், பூமித்தாய் தந்த வெந்நீர்க் குளம்" என்று பனிமலர் எழுதியிருக்கிறார். படித்ததும் எரிச்சலாக வந்தது. அது, பூமிச் சூட்டிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஸ்வார்ட்செங்கி மின் நிலையம் வெளியேற்றிய தண்ணீர். 1976-இல் நிலையம் வந்த பிறகுதான் குளமே உண்டானது.

பனிமலர்: தண்ணீர் நிலத்தடியிலிருந்துதானே வருகிறது? மின் நிலையமா அதை உற்பத்தி செய்தது? குளிர்காற்று முகத்தில் அறைய, கழுத்தளவு வெந்நீரில் நின்றுவிட்டு வந்து எழுதுகிறேன்.

வடக்குவாசல்: நானும் நின்றவன்தான். ஆழ்துளைக் கிணற்று உப்புநீர் டர்பைனைச் சுழற்றி, ஊருக்கு வெந்நீர் காய்ச்சிக் கொடுத்த பிறகு, மிச்சத்தை எரிமலைப் பாறையில் விட்டார்கள். பாறை உறிஞ்சியிருக்க வேண்டியது. தண்ணீரிலிருந்த சிலிக்கா என்ற கனிமம் படிந்து துளைகளை அடைத்துவிட்டதால் தேங்கிக்கொண்டது. நீங்கள் முகத்தில் அப்பிக்கொண்ட வெள்ளைச் சேறும் அந்தச் சிலிக்காதான்.

கணக்குப்பிள்ளை: இதற்கா இவ்வளவு சண்டை? ரெய்க்யவிக் மாநகராட்சி நீச்சல் குளங்களிலும் நிலவெப்ப வெந்நீர்தான். கட்டணமும் மிகக் குறைவு. ஆடையில்லாமல் சோப்புப் போட்டுக் குளித்த பிறகுதான் உள்ளே இறங்க வேண்டும், அவ்வளவுதான்.

பனிமலர்: பொதுக் குளியலறையில் ஆடையில்லாமலா? ஆளை விடுங்கள்!

கணக்குப்பிள்ளை: அது அவர்கள் ஊர் சுத்தம், அம்மா. குளோரின் குறைவாகப் போடுகிறார்கள், அதனால் அந்த விதி. போகிற இடத்து வழக்கத்தை மதிக்கத் தெரியாவிட்டால் எதற்குப் பயணம்?

வடக்குவாசல்: பேச்சை மாற்றாதீர்கள். குளம் மனிதன் செய்தது. இயற்கை வேண்டுமென்றால் ரெய்க்யதாலூர் போங்கள். சுமார் ஒரு மணி நேரம் மலையேறினால் ஆறே சூடாக ஓடுகிறது. அல்லது திங்வெல்லிர். பூமியின் மேலோட்டுப் பாறைத் தட்டுகளான வட அமெரிக்கத் தட்டும் யூரேசியத் தட்டும் விலகுகிற பிளவுக்குள் நடக்கலாம். 930-இல் ஐஸ்லாந்தர்கள் தங்கள் சபையைக் கூட்டிய இடமும் அதுதான். பூமி இன்னும் உருவாகிக்கொண்டிருப்பதைக் கண்ணால் பார்க்கத்தான் அந்த நாட்டுக்குப் போக வேண்டும். தொட்டியில் ஊற அல்ல.

பனிமலர்: 2024 நவம்பரில் எரிமலைக் குழம்பு வந்து அதே குளத்தின் வாகன நிறுத்தத்தை மூடியதே, அதையும் மின் நிலையம்தான் அனுப்பியதா?

வடக்குவாசல்: எரிமலை இயற்கை. குளம் இயற்கை இல்லை. எத்தனை முறை சொல்வது?

பனிமலர்: எத்தனை முறை சொன்னாலும் தண்ணீர் பூமியுடையதுதான். போன வருடம் நார்வே பற்றிய விவாதத் திரியில், ஜூனில் போனாலும் துருவ ஒளி தெரியும் என்று அடித்துச் சொன்னவர்தானே நீங்கள்? கோடையில் அங்கே இரவே இருட்டுவதில்லை என்று எல்லாரும் சொல்லியும் கேட்டீர்களா?

வடக்குவாசல்: ஆகஸ்ட் கடைசி என்றுதான் எழுதினேன். பழைய திரியைத் தோண்டி எடுத்துப் பாருங்கள்.

கணக்குப்பிள்ளை: ஜூன் என்றுதான் இருந்தது. நானும் படித்தேன்.

வடக்குவாசல்: உங்களுக்கு அந்தத் திரியிலிருந்தே என்மேல் கோபம். குளம் 1976-க்கு முன்னால் இருந்ததா, இல்லையா? அதற்குப் பதில் சொல்லுங்கள்.

பனிமலர்: தண்ணீர் இருந்தது.