பாலை உயிரினக் கள ஆய்வுக்குச் சொற்கள்: குழி, பொறி, வேலி

நண்பர்களே,
பாலைநிலச் சிற்றுயிர்களைப் பிடித்து, அளந்து, விடுவிக்கும் ஆய்வுக்கான கையேட்டை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். இரண்டு சொற்கள் தேவை. ஒன்று, வாய் தரைமட்டத்தில் இருக்கும்படி மண்ணில் புதைக்கும் வாளிக்கு. மற்றது, அதை நோக்கிப் போகும் தாழ்ந்த தகட்டு வேலிக்கு. இரவில் அலையும் அரணை தகட்டில் முட்டி, அதன் ஓரமாகவே ஓடி வாளிக்குள் விழும்.

*

விலங்கு பிடிக்கும் பொறிக்கு ‘அடார்’ என்ற பழஞ்சொல் இருக்கப் புதுச்சொல் எதற்கு? புறநானூறு 19இல் புலிக்கு மாட்டிய ‘பெருங்கல் அடார்’ வருகிறதே. அடர்த்தல் என்றால் அமுக்குதல், நெருக்குதல். அடர்த்தி, அடவி இரண்டையும் அந்த வேரோடு சேர்த்துப் பார்க்கலாம்.

*

ஐயா, அடவி இருக்கட்டும். அடார் நசுக்கிக் கொல்வது. எங்களுக்கு விலங்கு உயிரோடு வேண்டும். அரிசோனாவில் போர்ட்டல் அருகே 1977இல் தொடங்கி, 24 திடல்களில் பல பத்தாண்டுகள் நடந்த கொறித்துண்ணி ஆய்வை எண்ணிப் பாருங்கள். குறியிட்டு விட்ட எலி மறுபடி சிக்கினால்தான் அது எவ்வளவு காலம் வாழ்ந்தது என்று தெரியும். அதனால்தான் வெயில் ஏறுமுன் பொறிகளைப் பார்த்துவிடுகிறோம். வாளிக்குள் குழாய்த்துண்டு போடுவதும் தேளிடமிருந்து பல்லி ஒளிந்துகொள்ளத்தான். ‘விழுகுழி’ என்போம். பொறி வேண்டாம், அது இயந்திரம், புலன், தீப்பொறி என்று ஏற்கெனவே பல பொருள் சுமக்கிறது.

*

எலிப்பொறி என்றால் யாராவது தீப்பொறியை நினைப்பார்களா? ‘குழிப்பொறி’ போதும், மாணவருக்குக் கேட்டதும் புரியும். வெறும் குழி என்றால் பட்டினப்பாலை யானைதான் நினைவுக்கு வருகிறது. அதுவோ குழியின் கரையை இடித்துத் தப்பிவிடும்! வேலிக்கு ‘தடுப்புவேலி’ கூடாது. அதன் வேலை தடுப்பதல்ல, ஆற்றுப்படுத்துவது, அதாவது வழிகாட்டுவது. ‘ஆற்றுவேலி’ அழகாக இருக்கும்.

*

ஆற்றங்கரை வேலி என்றுதான் படிப்பார்கள். பாலைவனத்தில் ஆறு எங்கே வந்தது என்று மாணவர் கேட்பார். ‘வழிநடத்து வேலி’ நீளம்தான், ஆனால் பிழையாகப் புரியாது.

*

அனைவருக்கும் நன்றி. மூவர் ஒப்பியதால் ‘குழிப்பொறி’, ‘வழிநடத்து வேலி’ என்றே அனுப்புகிறேன். எலியை உயிரோடு பிடிக்கும், கதவு மூடிக்கொள்ளும் உலோகப் பெட்டியான ஷெர்மன் பெட்டி, ஷெர்மன் பெட்டியாகவே இருக்கும்.

*

என் மறுப்பு அப்படியே இருக்கிறது. பொறி என்றால் மூடும் கதவோ விசையோ வேண்டும். புதைத்த வாளியில் அசைவது எதுவுமில்லை. விலங்கு தானாக விழுகிறது. அடுத்த பதிப்பிலாவது ‘விழுகுழி’யைப் பரிசீலியுங்கள்.