அறுபது வருஷக் குழுவுக்குப் புதுப் பாட்டு எதுக்கு?

பர்மாத்தேக்கு:
வம்புக்குத்தான் எழுதுகிறேன். நேற்று எங்கள் ஊர்த் திருவிழாவில் முப்பது வருஷமாக வருகிற அதே இன்னிசைக் குழு. பிள்ளையார் பாட்டு, அம்மன் பாட்டு, அப்புறம் நேராக எண்பதுகளின் ராஜா. வாசிப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் என் மகன் கேட்கிறான், 1962-ல் ஆரம்பித்த ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற இங்கிலாந்து ராக் குழுவினர் 2023-ல் புது ஆல்பம் போட்டார்களே, இவர்களுக்கு என்ன வந்தது என்று. அந்த வயதில் போடுகிற புதுப் பாட்டெல்லாம் பேருக்குத்தான், கூட்டம் காசு கொடுப்பது பழசுக்கு என்றேன். இல்லை என்பவர்கள் வரலாம்.

கந்தரப்பம்:
பேருக்கா? அண்ணே, ஹாக்னி டயமண்ட்ஸ் என்கிற அந்த ஆல்பத்தைக் கேட்டீர்களா இல்லையா? 2005-க்கு அப்புறம் சொந்தப் பாட்டுகளோடு வந்த அவர்களுடைய முதல் ஆல்பம் அது. பதினெட்டு வருஷம் இழுத்ததை முடிக்க வைத்தது குழுவின் பாடகர் ஜாகர் வைத்த கெடுவும், அவரைவிட 47 வயது இளைய தயாரிப்பாளர் ஆண்ட்ரூ வாட்டும். 2021-ல் இறந்துபோன சார்லி வாட்ஸின் டிரம்ஸ் இரண்டு பாட்டில் இருக்கிறது, விலகி முப்பது வருஷமான பில் வைமன் ஒரு பாட்டுக்கு மட்டும் வந்து பேஸ் கிட்டார் வாசித்திருக்கிறார். கடைசியில், எந்தப் பாட்டிலிருந்து குழுவுக்குப் பெயர் எடுத்தார்களோ ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸின் அந்தப் பழைய பாட்டை ஜாகரும் கிட்டார்காரர் ரிச்சர்ட்ஸும் மட்டும் உட்கார்ந்து வாசிக்கிறார்கள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

பர்மாத்தேக்கு:
பார்த்தீர்களா, தொண்டையை அடைத்தது பழைய பாட்டு! விஸ்வநாதன் ராமமூர்த்தி 1965-ல் பிரிந்து 1995-ல் ஒரு படத்துக்காக மறுபடி சேர்ந்தார்களே, அந்தப் படத்தின் ஒரு பாட்டைப் பாடுங்கள் பார்ப்போம்.

கந்தரப்பம்:
அதற்கு பதில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ராஜா 2025 மார்ச்சில், 81 வயதில், லண்டனில் சிம்பொனி அரங்கேற்றினாரே?

பர்மாத்தேக்கு:
அவர் தனி ஆள். நான் கேட்டது நாலு பேர் முகம் பார்த்துச் சலித்த பிறகும் சேர்ந்து வாசிக்கிற குழுவைப் பற்றி.

கீபோர்டு மாமா:
தம்பி, நான் 1991 முதல் அப்படி ஒரு குழுவில்தான் கீபோர்டு வாசிக்கிறேன். மேடை ஓரமாகத் துண்டுச்சீட்டு வரும், பத்து ரூபாய் நோட்டுக்குள் சுருட்டி. விரித்தால் எப்போதும் அதே ஏழெட்டுப் பாட்டு. ஒரு தடவை ராத்திரி ஒரு மணி வாக்கில், கூட்டம் பாதி கலைந்த நேரத்தில், எங்கள் சொந்த மெட்டில் ஒரு கும்மிப் பாட்டு போட்டோம். இரண்டாவது சரணம் வருவதற்குள் விழாக் கமிட்டிக்காரர் கீழே நின்று கையை உருட்டுகிறார், முடி முடி என்று. தபேலாக்காரர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன், நிறுத்திவிட்டோம். வீட்டில் டைரியில் இன்னும் இருபது மெட்டு கிடக்கிறது. சரக்கு தீர்ந்ததாக யாரும் சொல்லாதீர்கள்.

ஆத்தங்குடிக்கல்:
மாமா, தப்பு உங்கள் பேரிலும் இருக்கிறது. ஒரு மணிக்குத் தூக்கத்தில் இருப்பவனிடம் புதுப் பாட்டா? 2022-ல் அயர்ன் மைடன் என்ற ஹெவி மெட்டல் குழுவினர் முந்தின வருஷம் வந்த செஞ்சுட்சு ஆல்பத்தின் மூன்று பாட்டோடுதான் மேடையையே ஆரம்பித்தார்கள். பழசு எல்லாம் அப்புறம். தி க்யூர் என்ற ராக் குழுவினர் அதே 2022-ல் புதுப் பாட்டுகளை ஊர் ஊராகப் பாடிப் பார்த்துவிட்டு 2024-ல்தான் ஆல்பமாகப் போட்டார்கள், பதினாறு வருஷ இடைவெளிக்குப் பிறகு. எங்கள் ஊர் டைல் பட்டறையில் வார்ப்பு பழசுதான், கண்ணாடி மேல் எந்தச் சாயத்தை எவ்வளவு ஊற்றுகிறார் என்பதில்தான் ஆள் தெரியும். புதுசும் பழசும் ஒரே கையில் வருகிறதுதான். இவ்வளவு பிரித்துப் பேசுவானேன்.

பர்மாத்தேக்கு:
அக்கா, மைடனுக்குக் கமிட்டி இல்லை, வரிப் பணம் கொடுத்த பங்காளிகள் இல்லை. அந்த வசதி இருந்தால் யார் வேண்டுமானாலும் துணிவார்கள்.

கீபோர்டு மாமா:
அடுத்த வாரம் கண்டனூர் பக்கம் கச்சேரி இருக்கிறது. அம்மன் பாட்டு முடிந்த கையோடு கும்மியை வைக்கிறேன், மூன்றாவது பாட்டாக. யார் கையை உருட்டினாலும் நான் கீபோர்டைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பர்மாத்தேக்கு:
நானும் வருகிறேன் மாமா. துண்டுச்சீட்டோடு.