கோல்ஃபே தெரியாத குடும்பத்தோடு செயின்ட் ஆண்ட்ரூஸ் போகலாமா?

ஸ்காட்லாந்துக்குப் புதிதாக வந்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். ஆபீசில் யாராவது ஒருவர் "இன்னும் செயின்ட் ஆண்ட்ரூஸ் போகவில்லையா?" என்று உசுப்பேற்றிவிடுவார். வீட்டில் யாருக்கும் கோல்ஃப் மட்டையை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூடத் தெரியாது. ஊரிலிருந்து அம்மா அப்பா வேறு வந்திருப்பார்கள். உள்ளே விடுவார்களா, மெம்பராக இருக்க வேண்டுமா, ஆளுக்கு எவ்வளவு கறப்பார்கள் என்ற யோசனையிலேயே பலர் போகாமல் விட்டுவிடுகிறார்கள்.

தாராளமாகப் போகலாம். முடிந்தால் ஞாயிற்றுக்கிழமை போங்கள்.

அங்குள்ள 'ஓல்ட் கோர்ஸ்' கோல்ஃப் உலகத்துக்கே தாய்வீடு. ஆனால் அது பணக்காரர்களின் தனிச்சொத்து இல்லை, ஊர்ப் பொது நிலம். 1974-இல் நாடாளுமன்றச் சட்டம் மூலம் அமைந்த ஒரு டிரஸ்ட்தான் அதையும் சேர்த்து ஏழு மைதானங்களைப் பராமரிக்கிறது. வாரத்தில் ஆறு நாள் ஆட்டம். ஞாயிறன்று ஓல்ட் கோர்ஸுக்கு விடுமுறை, அன்றைக்கு அது ஊர்ப் பூங்கா. டிக்கெட் கிடையாது, கேட்டும் கிடையாது. நாய் கூட்டி வருபவர்கள், தள்ளுவண்டியில் குழந்தையோடு வருபவர்கள், கைகோத்து நடக்கும் வயதானவர்கள் என்று ஊரே அதன்மேல் நடக்கும். டைகர் வுட்ஸ் 2000-இலும் 2005-இலும் 'ஓபன்' என்ற பெரிய கோல்ஃப் போட்டியில் பட்டம் வென்ற அதே புல்லில் உங்கள் பிள்ளை உருண்டு விளையாடலாம். ஓபன் மாதிரி பெரிய போட்டி நடக்கும்போது மட்டும் ஞாயிறும் ஆட்டம் இருக்கும். கிளம்புவதற்கு முன் டிரஸ்டின் இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

படங்களில் எல்லாம் வரும் அந்தக் கம்பீரமான கல் கட்டடம் 'ஆர் அண்ட் ஏ' கிளப்பினுடையது. அது மட்டும் உறுப்பினர்களுக்கானது. வெளியே நின்று போட்டோ எடுத்துக்கொள்ளலாம், கதவைத் தள்ளிப் பார்க்க வேண்டாம். அதைவிட்டுக் கொஞ்சம் தள்ளி இருக்கும் லிங்க்ஸ் கிளப்ஹவுஸ் எல்லோருக்கும் பொது. கோல்ஃப் ஆடாதவர்களும் உள்ளே போய் உட்கார்ந்து காபி குடிக்கலாம், யாரும் ஒரு மாதிரி பார்க்க மாட்டார்கள்.

எல்லோரும் தேடிப் போவது ஸ்வில்கன் பாலத்தைத்தான். பதினெட்டாவது குழிக்கான பாதையில், ஒரு சின்ன ஓடைக்கு மேலே இருக்கிறது. டிவியில் பார்த்து ஏதோ பெரிய பாலம் என்று நினைத்துப் போனால் "இதுக்கா இவ்வளவு அலப்பறை?" என்று அப்பா கேட்பார். ஏறக்குறைய 30 அடி நீளம். இரண்டு பக்கமும் முழங்கால் உயரத்துக்குக் கல் விளிம்பு, நடுவில் காலடிகள் பட்டுப் பட்டு வழவழப்பான கற்கள், இடுக்குகளில் பாசி. மழை பெய்திருந்தால் வழுக்கும், பெரியவர்களின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆடு மாடு ஓட்டிப் போகக் கட்டியது, 700 வருடம் பழையது என்கிறார்கள். கோல்ஃப் ஜாம்பவான் ஜாக் நிக்லாஸ் 2005-இல் ஓபனிலிருந்து விடைபெற்றபோது இதன்மேல் நின்றுதான் கையசைத்தார். 2023-இல் பாலத்தின் வாசலில் புதிதாகக் கல் பாவினார்கள், ஏதோ வீட்டு முற்றம் மாதிரி இருக்கிறது என்று உலகம் முழுக்கத் திட்டு வாங்கி, உடனே பெயர்த்தும் எடுத்துவிட்டார்கள். சாந்து பூசிப் புதுப்பித்த கோயில் மண்டபத்தைப் பார்த்து வயிறெரிந்தவர்களுக்கு அந்தக் கோபம் நன்றாகவே புரியும். ஞாயிறு மதியம் போட்டோவுக்கு வரிசை இருக்கும், காலையிலேயே போய்விட்டால் பாலம் உங்களுக்கே.

பூங்கா என்றாலும் சில இடங்களை விட்டுவிட வேண்டும். கொடிக்கம்பம் நடும் புட்டிங் கிரீன் கம்பளம் மாதிரி கத்தரித்த புல், அதன்மேல் ஏற வேண்டாம். பங்கர் என்ற மணல் குழிகளில் இறங்க வேண்டாம். இந்த மைதானத்தில் 112 பங்கர்கள் இருக்கின்றன. சிலவற்றில் புல்கட்டியை அடுக்கிய சுவர் ஆளுயரத்துக்கு நிற்கும். பிள்ளைகளுக்கு அது சறுக்குமரமாகத்தான் தெரியும், பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இதைத்தான் யாரும் சொல்வதில்லை. ஞாயிறு விடுமுறை ஓல்ட் கோர்ஸுக்கு மட்டும்தான். அதை ஒட்டியே இருக்கும் நியூ கோர்ஸிலும் அதற்கு அப்பால் ஜூபிலியிலும் ஆட்டம் நடந்துகொண்டுதான் இருக்கும். நடுவில் வேலி எல்லாம் கிடையாது. பேசிக்கொண்டே கடல் பக்கமாக நடந்தால் எப்போது அடுத்த மைதானத்துக்குள் போனோம் என்றே தெரியாது. யாராவது மட்டையோடு தெரிந்தால் நின்றுவிடுங்கள், அவர் அடித்து முடித்ததும் நகருங்கள். பந்து வருகிறது என்று எச்சரிக்கும் "ஃபோர்!" என்ற கத்தல் கேட்டால் எங்கே பந்து என்று நிமிர்ந்து தேடாமல், முதுகைக் காட்டிக் குனிந்து தலையைக் கையால் மூடிக்கொள்ள வேண்டும். இதைப் பிள்ளைகளுக்கு பஸ்ஸிலேயே சொல்லிக்கொடுங்கள், சிரித்துக்கொண்டே பழகிவிடுவார்கள். புல்லில் கிடக்கும் பந்தை எடுத்துப் பையில் போடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அது யாரோ ஒருவருடைய ஆட்டத்தின் நடுவில் இருக்கும் பந்து.

வார நாளில்தான் முடியும் என்றாலும் பரவாயில்லை. பதினெட்டாவது கிரீனுக்குப் பக்கத்தில் தெருவோரக் கம்பியில் சாய்ந்துகொண்டு ஆட்டம் முடித்து வருபவர்களைச் சும்மா பார்க்கலாம். கடைசிக் குழியில் பந்தைப் போட்டுவிட்டுத் தொப்பியைக் கழற்றிக் கை குலுக்கும்போது சிலருக்குக் கண்ணே கலங்கியிருக்கும். வாழ்நாள் ஆசையாக எங்கெங்கிருந்தோ வந்திருப்பவர்கள். மைதானத்தின் குறுக்கே கிரானி கிளார்க்ஸ் வைண்ட் என்று ஒரு பொதுச் சாலையே போகிறது. கடற்கரைக்கு அதன் வழியாகத்தான் குறுக்கே போவார்கள். முதலாவது, பதினெட்டாவது இரண்டு பாதைகளையும் அது வெட்டுவதால் இரண்டு பக்கமும் பார்த்துக் கடக்க வேண்டும்.

பிள்ளைகளுக்கு உண்மையான கொண்டாட்டம் 'ஹிமாலயாஸ்'. ஓல்ட் கோர்ஸை ஒட்டிய புட்டிங் மைதானம். 1867-இல் பெண்களுக்காகத் தொடங்கிய கிளப், இன்றைக்கும் அவர்கள்தான் நடத்துகிறார்கள். பொதுமக்களுக்கென்று நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள், நேரத்தை மட்டும் முன்கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். சில பவுண்டுகள் கொடுத்தால் மட்டையும் பந்தும் தருவார்கள். கோல்ஃப் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. தரை முழுக்க மேடும் பள்ளமும். மெதுவாகத் தட்டினால் பந்து மேட்டில் பாதி ஏறி, ஒரு நொடி யோசித்து, உருண்டு உங்கள் காலடிக்கே வந்து நிற்கும். கொஞ்சம் பலமாகத் தட்டினால் அந்தப் பக்கம் சரிவில் இறங்கி வேறு குழிப் பக்கம் போய்விடும். ஆட வந்தவரைவிடப் பாட்டிகள் நன்றாக ஆடுவதைப் பார்த்திருக்கிறேன். நிதானம்தான் வேண்டும், தோள் பலம் வேண்டாம்.

அதைத் தாண்டினால் வெஸ்ட் சாண்ட்ஸ் கடற்கரை. நீளமான வெறும் மணல், மூன்று கிலோமீட்டர் அளவுக்கு நடக்கலாம். தண்ணீர் எந்த மாதத்திலும் குளிர்தான். கட்டிக்கொண்டு போன சாப்பாட்டை இங்கே வைத்துச் சாப்பிடலாம், ஆனால் கடல்புறாக்கள் விஷயத்தில் அஜாக்கிரதை வேண்டாம். கையில் இருக்கும் வடையைக் கையோடு பிடுங்கிக்கொண்டு போகும் ரகம். டப்பாவைத் திறந்து வைத்துவிட்டுப் போட்டோ எடுக்கப் போகாதீர்கள்.

உடை பற்றி ஒரு வார்த்தை. ஜூலையிலும் காற்று வாரிக்கொண்டு போகும். குடை பிரயோஜனமில்லை, காற்று புகாத ஜாக்கெட் வேண்டும். திடீரென்று 'ஹார்' என்ற கடல் மூடுபனி வந்து பாலத்தையே மறைத்துவிடும், ஒரு மணி நேரத்தில் விலகியும் போகலாம். அம்மா புடவையில் வந்தாலும் காலுக்கு ஷூ போட்டுவிடுங்கள். பனி ஈரத்தில் செருப்போடு நடந்தால் அரை மணி நேரத்தில் திரும்பலாம் என்று ஆரம்பித்துவிடுவார்கள். டிசம்பரில் நாலு மணிக்குள் இருட்டிவிடும், ஜூனில் இரவு பத்து வரை வெளிச்சம். முதல் தடவைக்கு மே முதல் செப்டம்பர்வரை போவது நல்லது.

போகும் வழி: செயின்ட் ஆண்ட்ரூஸில் ரயில் நிலையம் கிடையாது, 1969-இலேயே மூடிவிட்டார்கள். எடின்பரோவிலிருந்து லூக்கர்ஸ் வரை ரயில், சுமார் ஒரு மணி நேரம். அங்கிருந்து 99-ஆம் எண் பஸ், கால் மணி நேரத்துக்குள் ஊருக்குள். வடக்கு நோக்கிப் போகும்போது வலது பக்கம் உட்காருங்கள், ஃபோர்த் பாலம் தாண்டியதும் கடல் ஒட்டியே வரும். ஞாயிறு பஸ் குறைவு, திரும்பும் நேரத்தைக் காலையிலேயே பார்த்து வையுங்கள். இங்கே குடியிருக்கும் 22 வயதுக்குட்பட்டவர்களுக்கும் 60 தாண்டியவர்களுக்கும் அட்டை இருந்தால் ஸ்காட்லாந்து முழுக்க பஸ் இலவசம் என்பது பல புதியவர்களுக்குத் தெரிவதில்லை. பிள்ளைகளுக்கு இன்னும் அட்டை வாங்கவில்லை என்றால் இந்த வாரமே விண்ணப்பியுங்கள். விசிட்டர் விசாவில் வந்திருக்கும் பெற்றோருக்கு இது கிடையாது.

இனி, புதியவர்கள் கேட்கும் மற்ற சில கேள்விகளுக்கு.

"வீட்டுக்காரருக்கு மட்டும் கோல்ஃப் பைத்தியம், ஓல்ட் கோர்ஸில் ஆடியே ஆகணும் என்கிறார்." ஆடலாம், ஆனால் அந்த நாளைக் குடும்ப நாளோடு கலக்காதீர்கள். பாலட் என்ற குலுக்கலில் இரண்டு நாள் முன்னதாக மதியம் 2 மணிக்குள் பெயர் கொடுக்க வேண்டும், குறைந்தது இரண்டு பேராக. ஆட்டத் திறமையின் அளவைக் காட்டும் ஹேண்டிகேப் சான்றும் வேண்டும். சீசனில் ஒரு ஆட்டத்துக்கு 300 பவுண்டுக்கு மேல் ஆகும். குலுக்கலில் பெயர் வருமா வராதா என்று வீடே போனைப் பார்த்துக்கொண்டிருப்பது சுற்றுலா இல்லை. பெயர் வந்துவிட்டால் ஒரு ஆட்டத்துக்கு நாலு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும், அதற்குள் நீங்கள் ஊரைச் சுற்றி முடித்துவிடலாம். பிள்ளையும் ஆட ஆசைப்பட்டால் பால்கோவ் என்ற ஒன்பது குழி மைதானம் இருக்கிறது, புதியவர்களுக்கென்றே உள்ளது.

"கோல்ஃப் தவிர ஊரில் என்ன இருக்கிறது?" நிறைய. 1413-இல் தொடங்கிய பல்கலைக்கழகம், இளவரசர் வில்லியமும் கேட்டும் சந்தித்த இடம். நார்த் ஸ்ட்ரீட்டில் செயின்ட் சால்வேட்டர் சேப்பல் வாசலில் 'பி எச்' என்று தரைக்கற்களில் பதித்திருக்கும். 1528-இல் மதக் கருத்துக்காக எரிக்கப்பட்ட பாட்ரிக் ஹாமில்டனின் பெயரெழுத்துகள். அதை மிதிக்கும் மாணவர் பரீட்சையில் தேற மாட்டார் என்பது நம்பிக்கை. பரிகாரமும் வைத்திருக்கிறார்கள்: மே 1 விடியற்காலையில் கடலில் முங்கி எழ வேண்டும். இதைக் கேட்டதும் நம் அம்மாக்கள் பேரப்பிள்ளையை அந்த எழுத்துகளை மிதிக்காமல் தரதரவென்று தள்ளி இழுத்துக்கொண்டு போவார்கள். கோட்டையில் 1546-47 முற்றுகையின்போது பாறைக்குள் குடைந்த சுரங்கம் இருக்கிறது. குனிந்தே போக வேண்டும், முழங்கால் வலி உள்ளவர்கள் மேலேயே இருந்துவிடலாம். எடின்பரோ, ஸ்டிர்லிங் கோட்டைகளுக்கும் போகும் எண்ணம் இருந்தால் ஹிஸ்டாரிக் ஸ்காட்லாந்து உறுப்பினர் அட்டை வாங்குவது லாபம், மூன்றும் அதில் அடக்கம். சவுத் ஸ்ட்ரீட்டில் 1908 முதல் நடக்கும் ஜானட்டாஸ் ஐஸ்கிரீம் கடையில் கியூ நீளமாக இருந்தாலும் வேகமாக நகரும்.

"வேறு ஊர் கோல்ஃப் மைதானத்திலும் இப்படி நடக்கலாமா?" ஸ்காட்லாந்தில் 2003-ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டப்படி கோல்ஃப் மைதானத்தைக் குறுக்கே கடந்து போக உரிமை உண்டு. ஆட்டத்துக்கு இடையூறு கூடாது, கிரீன் மேல் போகக் கூடாது. கடந்து போகத்தான் உரிமை, அங்கேயே ஜமுக்காளம் விரிக்க இல்லை. இங்கிலாந்தில் இருப்பவர்கள் இதை நம்பி அங்கே இறங்கிவிடாதீர்கள், அங்கே பொது நடைபாதை குறித்திருக்கும் இடத்தில் மட்டும்தான் நடக்கலாம்.

"2027 ஜூலையில் ஓபன் அங்கேதானாமே, அப்போதே போய்விடலாமா?" போட்டி பார்ப்பதென்றால் போங்கள். வீட்டில் யாருக்கும் ஆட்டம் தெரியாது என்றால் அந்த மாதம் அந்தப் பக்கமே வேண்டாம். தங்குமிடம் கிடைக்காது, கிடைத்தாலும் விலை தாங்காது, மைதானம் முழுக்கத் தடுப்பும் கூடாரமுமாக இருக்கும். பெற்றோரின் விசா தேதி அந்தச் சமயத்தில் விழுந்தால் மே மாதத்துக்கே டிக்கெட் போட்டுவிடுங்கள்.