மறுமொழி: ‘இஞ்சுரி எபிடெமியாலஜி’க்குத் தமிழ்ச் சொல்

> அமெரிக்கப் பொதுச் சுகாதார ஆய்வாளர் சூசன் பேக்கர் பற்றிய குறிப்பில் ‘இஞ்சுரி எபிடெமியாலஜி’க்கு ‘விபத்து நோயியல்’ என்றே போட்டுவிடலாமே? எல்லோருக்கும் புரியும்.

ஐயா, வணக்கம்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். விபத்து என்றாலே ‘நேரம் சரியில்லை’ என்று முடித்துவிடுவார்கள். அந்தப் பேச்சை மறுத்துத்தான், யாருக்கு எப்படி அடிபடுகிறது என்று ஆராய்ந்து தடுக்க வழி தேடும் இந்தத் துறையே வளர்ந்தது. 2001இல் பி.எம்.ஜே. மருத்துவ இதழ் ‘ஆக்சிடெண்ட்’ என்ற சொல்லே தன் பக்கங்களில் வேண்டாம் என்றது. அதைப் போய் நாம் தலைப்பில் வைப்பானேன்?

முதல் பாதிக்குக் ‘காயம்’ போதும். ‘ஊறு’ அழகான சொல்தான். ஆனால் தொடுவுணர்வுக்கும் அதே பெயர், ஊறுகாய் வேறு குறுக்கே வரும். காயம் என்றால் ரத்தம் வந்தாக வேண்டும் என்பதில்லை. போலீஸ் ஸ்டேஷனில் ஊமைக்காயம் என்று எழுதுகிறார்கள், ஆஸ்பத்திரியில் தீக்காயத்துக்குத் தனி வார்டு இருக்கிறது. ஊருணியில் மூழ்கியவரை எதில் சேர்ப்பது? காயத் தடுப்பு ஆய்வின் முன்னோடியான அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஹாடன் அதையும் இதற்குள்ளேதான் வைத்தார்: உடல் தாங்குவதற்கு மேல் ஆற்றல் பாய்ந்தாலும் காயம், மூழ்கி மூச்சு அடைபடுவதுபோல் உடலின் ஆற்றல் பரிமாற்றம் தடைபட்டாலும் காயம்.

அடுத்த பாதியான எபிடெமியாலஜிக்குப் பலர் சொல்லும் ‘தொற்றுநோயியல்’ கூடவே கூடாது. விழுந்தவரைத் தூக்கிவிட்டால் நம் எலும்பு முறிவதில்லை. நான் சொல்வது ‘பரவலியல்’. காயம் எங்கே பரவுகிறது என்பீர்கள். புள்ளியியல் பாடத்தில் டிஸ்ட்ரிபியூஷனுக்குப் பரவல் என்றுதானே இருக்கிறது? பிளஸ் டூ பிள்ளைகள் ‘இயல்நிலைப் பரவல்’ படிக்கிறார்கள். யாருக்கு, எந்த வயதில், எங்கே, எந்நேரத்தில் என்று பார்ப்பதுதான் அது. கானாடுகாத்தானில் ஓர் ஆச்சி நிலைப்படி தடுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டால் அது வீட்டுச் சங்கதி. செட்டிநாட்டு ஊர்களில் எல்லாம் குறித்துவைத்து, இருட்டிலா, ஈர முற்றத்திலா, கண்புரை இருந்ததா என்று பிரித்துப் பார்த்தால் கைப்பிடி, விளக்கு, கண் ஆபரேஷன் என்று வழி பிறக்கும். தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடப்பவர்களின் பையில் ஒளிரும் பட்டை ஒட்டுவதும் இந்தக் கணக்கில் வருவதே. லாரிக்காரரைத் திட்டுவதைவிட அதில் பலன் உண்டு.

ஆகவே ‘காயப் பரவலியல்’.

அப்புறம், ஒருவருக்கு எவ்வளவு மோசமாக அடிபட்டிருக்கிறது என்று காட்ட 1974இல் பேக்கரும் கூட்டாளிகளும் கொண்டுவந்த ‘இஞ்சுரி சிவியரிட்டி ஸ்கோர்’. மிக மோசமாக அடிபட்ட மூன்று உடற்பகுதிகளின் கடுமை மதிப்பைத் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டுவார்கள், உச்சம் 75. ‘மதிப்பெண்’ என்றால் கூடக்கூட நல்லது என்று தோன்றிவிடும். இங்கே 75 வந்தால் பிழைப்பது அரிது. ‘காயக் கடுமை எண்’ என்று வைக்கலாமா?

— காரைக்குடியிலிருந்து

---

தம்பி,

பரவல் விளக்கம் சரி, ஏற்கிறேன். ‘கடுமை எண்’ணும் இருக்கட்டும். காயம்தான் உறுத்துகிறது, நம் பக்கத்துச் சமையல்கட்டில் காயம் என்றால் பெருங்காயம், சித்தர் பாட்டில் உடம்பு. முதலில் வரும் இடத்தில் ‘காயங்களின் பரவலியல்’ என்று விரித்து எழுதுங்கள், பிறகு சுருக்கிக்கொள்ளலாம். 1987இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பேக்கர் தொடங்கிய மையத்துக்குக் ‘காயத் தடுப்பு மையம்’ என்றே போடுங்கள், அதில் குழப்பம் இல்லை. ‘விபத்து’ தலைப்பை நான் எடுத்துவிடுகிறேன்.