மாங்கோடிபி: 25 ஆவணங்களை எடுக்க நொடியும் ஆவதில்லை, மொத்தத்தை எண்ண ஏன் இவ்வளவு நேரம்?

கேள்வி

வணக்கம். மாங்கோடிபி தரவுத்தளத்தில் சுமார் 60 லட்சம் ஆவணங்கள் உள்ள ஒரு கலெக்‌ஷன் வைத்திருக்கிறேன். ஒவ்வோர் ஆவணமும் ஒரு புகார்; ‘நிலை’, ‘பிரிவு’, ‘பதிவான நேரம்’ ஆகிய மூன்று புலங்களின் மீதுதான் பெரும்பாலும் தேடல் நடக்கிறது. திரையில் பக்கத்துக்கு 25 புகார்களைக் காட்டி, அடியில் மொத்தம் எத்தனை என்றும் எழுத வேண்டும். முதல் 25 ஆவணங்கள் உடனே வந்துவிடுகின்றன. அதே நிபந்தனைகளைக் கொடுத்து, எண்ணிக்கை தரும் ‘கவுண்ட் டாக்குமென்ட்ஸ்’ அழைத்தால் மட்டும் பல வினாடிகள் காத்திருக்க வேண்டியிருக்கிறது. பதிவான நேரம், நிலை என்ற வரிசையில் ஒரு கூட்டு இன்டெக்ஸ் (பல புலங்களை வரிசைப்படுத்தி வைத்த தேடல் அட்டவணை) ஏற்கெனவே இருக்கிறது.

இன்னொரு குழப்பமும் உண்டு. நிபந்தனையே இல்லாமல் ‘எஸ்டிமேட்டட் டாக்குமென்ட் கவுண்ட்’ அழைத்தால் விடை உடனே வருகிறது. ஆனால் வெற்று நிபந்தனையோடு ‘கவுண்ட் டாக்குமென்ட்ஸ்’ தரும் எண்ணுக்கும் அதற்கும் சில நூறு வித்தியாசம் இருக்கிறது. சென்ற வாரம் சர்வர் ஒருமுறை திடீரென நின்றுபோனது. அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்குமா?

மறுமொழி 1

இரண்டாவது கேள்விக்கு விடை சுருக்கமானது என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்: தொடர்பு இருக்கிறது. ‘எஸ்டிமேட்டட்’ வகை எதையும் எண்ணுவதில்லை; கலெக்‌ஷனைப் பற்றிய குறிப்பில் எழுதி வைத்திருக்கும் எண்ணை அப்படியே எடுத்துக் கொடுக்கிறது. மாங்கோடிபியின் சேமிப்பு எஞ்சினான வயர்ட்டைகர் வழக்கமாக 60 வினாடிக்கு ஒருமுறை செக்பாயின்ட் போடுகிறது, அதாவது தரவின் அப்போதைய நிலையை வட்டில் பதிக்கிறது. கடைசி செக்பாயின்டுக்குப் பிறகு ஆவணங்கள் சேர்ந்தும் நீங்கியும் கொண்டிருந்த வேளையில் சர்வர் முறையாக மூடப்படாமல் நின்றால், அந்த எண் சற்றுப் பிசகிவிடும். ‘வேலிடேட்’ கட்டளையை ஓட்டினால் எண் திருத்தப்படும், ஆனால் பெரிய கலெக்‌ஷனில் அது கனமான வேலை. ஆள் நடமாட்டம் குறைந்த நேரம் பார்த்துச் செய்யுங்கள்.

இனி முதல் கேள்வி. ‘கவுண்ட் டாக்குமென்ட்ஸ்’ என்பது உள்ளே ஓர் அக்ரிகேஷன்தான், அதாவது தரவைப் படிப்படியாகத் திரட்டும் வினவல்: மேட்ச் படியில் வடிகட்டி, குரூப் படியில் ஒவ்வோர் ஆவணத்துக்கும் ஒன்று கூட்டுகிறது. 25 ஆவணங்களை எடுக்கும்போது இருபத்தைந்தாவது கிடைத்ததும் வேலை நின்றுவிடுகிறது. எண்ணும்போது பொருந்தும் கடைசி ஆவணம்வரை போய்த்தான் ஆக வேண்டும். மாங்கோடிபியின் இன்டெக்ஸ் மரத்தில் ‘இந்தக் கிளைக்குக் கீழே இத்தனை விசைகள் (இன்டெக்ஸ் பதிவுகள்)’ என்ற கணக்கு எங்கும் எழுதப்பட்டிருப்பதில்லை. ஆகவே, இன்டெக்ஸ் இருந்தாலும் விசைகளை ஒன்றொன்றாக நடந்துதான் எண்ண வேண்டும்.

உங்கள் நிலையில் அதற்கும் மேல் ஒரு சுமை சேர்கிறது. ‘பிரிவு’ உங்கள் இன்டெக்ஸில் இல்லை. எனவே நேரத்துக்கும் நிலைக்கும் பொருந்தும் ஒவ்வொரு விசைக்கும் முழு ஆவணத்தையும் திறந்து, பிரிவு சரிதானா என்று பார்த்துவிட்டு மூட வேண்டியிருக்கிறது. மேட்ச், குரூப் இரண்டையும் நீங்களே எழுதி, ‘எக்ஸிக்யூஷன் ஸ்டாட்ஸ்’ நிலையில் எக்ஸ்பிளெயின் (வினவல் நடந்த விதத்தைக் காட்டும் கட்டளை) ஓட்டிப் பாருங்கள். பார்த்த ஆவணங்களின் எண்ணிக்கை பெரிதாக இருந்தால் நோய் அதுதான்.

மருந்து: நிலை, பிரிவு, பதிவான நேரம் என்ற வரிசையில் புதிய இன்டெக்ஸ். சமமா என்று கேட்கும் புலங்கள் முன்னால், வீச்சாகக் கேட்கும் புலம் கடைசியில். அப்போதுதான் பொருந்தும் விசைகள் எல்லாம் இடைவெளியில்லாமல் ஒரே துண்டாக அமையும். எக்ஸ்பிளெயின் காட்டும் திட்டத்தில் ‘கவுண்ட் ஸ்கேன்’ (விசைகளை மட்டும் எண்ணுவது) என்ற படி தோன்றும், ஆவணத்தைத் தொடவே தேவையிருக்காது. ‘இன்’ கொண்டு ஒரே புலத்தில் பல மதிப்புகளைக் கேட்டால் துண்டு பலவாக உடைந்து இந்தச் சலுகை பறிபோகும்.

மறுமொழி 2

மேலே சொன்னதில் எனக்கு மாறுபாடில்லை. ஆனால், பக்கத்தின் அடியில் 3,41,207 என்ற துல்லியமான எண்ணைப் பார்த்து, பயன்படுத்துபவர் என்ன செய்யப் போகிறார் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ‘கவுண்ட் டாக்குமென்ட்ஸ்’ லிமிட் (எதுவரை எண்ணலாம் என்ற வரம்பு) ஏற்கும். 1,001 என்று கொடுத்து, விடையும் 1,001 ஆக வந்தால் திரையில் ‘1,000க்கும் மேல்’ என்று எழுதிவிடலாம். எலாஸ்டிக்சர்ச் தேடுபொறி 7.0 பதிப்பிலிருந்து இதையே இயல்பாக்கிவிட்டது: கேட்டாலொழிய 10,000க்கு மேல் துல்லியமாக எண்ணுவதில்லை. அடுத்த பக்கம் உண்டா என்பது மட்டுமே தேவை என்றால் எண்ணவே வேண்டாம். 26 ஆவணங்களைக் கேட்டு, 25ஐக் காட்டினால் போதும்.

பக்கத்தையும் மொத்தத்தையும் ஒரே வினவலில் பெற, ஒரே தரவைப் பல கிளைகளில் திரட்டும் ‘ஃபேசட்’ படியைப் பயன்படுத்தச் சொல்லி யாராவது வருவார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் எழுதினேன். ஃபேசட்டுக்குள் நடப்பவை இன்டெக்ஸைப் பயன்படுத்த முடியாது. பொருந்தும் ஆவணங்கள் அத்தனையும் அதற்குள் ஊட்டப்படுவதால், இருபத்தைந்தோடு நின்றுவிடும் வேகத்தையும் சேர்த்து இழக்கிறீர்கள். தனித்தனியாக இரண்டு வினவல்களை ஒரே சமயத்தில் அனுப்புவதே மேல்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. சொன்ன வரிசையில் இன்டெக்ஸ் போட்டேன். பழைய திட்டத்தில் பார்த்த ஆவணங்கள் லட்சக்கணக்கில் இருந்தன, இப்போது 0. பார்த்த விசைகள் விடையைவிட ஒன்றே ஒன்று கூடுதல். தேடல் திரைக்கு 1,001 உத்தியையே வைத்துக்கொள்கிறேன். ஆனால், முகப்புத் திரையில் ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை புகார்கள் திறந்திருக்கின்றன என்பதைத் துல்லியமாகவே காட்ட வேண்டும், அதுவும் யார் திறந்தாலும் ஒவ்வொரு முறையும். இதற்கும் எண்ணிக்கொண்டேதான் இருக்க வேண்டுமா?

மறுமொழி 3

வேண்டாம். பிரிவுக்கு ஓர் ஆவணம் என்று தனிக் கலெக்‌ஷனில் கணக்கு வைத்துக்கொண்டு, புகார் திறக்கும்போது ‘இன்க்’ கொண்டு ஒன்று கூட்டுங்கள், மூடும்போது ஒன்று கழியுங்கள். புகாரை மாற்றுவதும் கணக்கை மாற்றுவதும் ஒரே டிரான்ஸாக்‌ஷனுக்குள் (இரண்டும் நடக்கும் அல்லது இரண்டுமே நடக்காது) இருக்க வேண்டும். இல்லையெனில் இடையில் ஏதாவது அறுந்துபோகும் நாளில் எண் பிசகி, அது யாருக்கும் தெரியாமலே கிடக்கும். ரெப்ளிக்கா செட் (ஒரே தரவின் நகல்களை வைத்திருக்கும் சர்வர்களின் குழு) இருந்தால் 4.0 பதிப்பிலிருந்து இது முடியும். அப்படியிருந்தும் இரவில் ஒருமுறை உண்மையாக எண்ணிச் சரிபார்க்கும் வேலையை நான் விட்டுவிடமாட்டேன். ஒரே பிரிவில் நொடிக்கு நொடி புகார்கள் குவிந்தால் அந்த ஓர் ஆவணத்தை ஒரே நேரத்தில் மாற்ற முயலும் வேலைகள் ஒன்றோடொன்று மோதும். அப்போது அந்தப் பிரிவின் கணக்கை நாலைந்து ஆவணங்களாகப் பிரித்து, படிக்கும்போது கூட்டிக்கொள்ளலாம்.

இதே வேலையை கவுச்டிபி என்ற வேறொரு தரவுத்தளத்தில் செய்தால் வேறு மாதிரி இருக்கும். அங்கே வியூவில் (இன்டெக்ஸ் போன்ற மரம்) ‘கவுண்ட்’ ரிடியூஸ் (எண்ணித் தொகுக்கும் சார்பு) வைத்தால், மரத்தின் உள்கணுக்களிலேயே கீழுள்ளவற்றின் எண்ணிக்கை சேமிக்கப்படுகிறது. ஒரு வீச்சைக் கேட்டால் ஓரங்களில் மட்டும் இறங்கி, நடுவில் உள்ள கணுக்களின் கணக்கை அப்படியே கூட்டிவிடும். மறுமொழி 1 இல் சொன்ன ‘இந்தக் கிளைக்குக் கீழே இத்தனை’ அங்கே உண்மையிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அதற்காக நீங்கள் தரவுத்தளத்தை மாற்ற வேண்டியதில்லை. பிரிவுகள் சிலவே என்றால் கணக்கு ஆவணமே போதும்.