செகோவியாவின் தொட்டிப்பாலமும் கல்லில் இருக்கும் குழிகளும்

ஸ்பெயினிலுள்ள செகோவியா நகரின் தொட்டிப்பாலத்தைச் சாத்தான் ஒரே இரவில் கட்டினான் என்ற கதை இங்குள்ள பலருக்கும் தெரிந்திருக்கும். மேட்டுத் தெருவில் குடம் சுமந்து சலித்த வேலைக்காரப் பெண், சேவல் கூவுமுன் தண்ணீர் வாசலுக்கு வந்துவிட்டால் தன் ஆன்மாவைத் தருவதாக வாக்களித்தாள். ஒரு கல் மட்டும் பாக்கியிருந்தபோது விடிந்துவிட்டது. பாலம் கடந்து செல்லும் அசோகெஹோ சதுக்கத்தில், ஏறத்தாழ 28 மீட்டர் உயரத் தூண்களின் கீழே, ஒரு சிறுமி கல்லிலிருந்த குழிக்குள் விரலை விட்டுப் பார்த்துச் சட்டென்று இழுத்துக்கொண்டு, பாவாடையில் இருமுறை துடைத்தாள். அது சாத்தானின் விரல் பதிந்த இடம் என்று அவளுடைய பாட்டி சொல்லியிருந்தாராம். அவள் போன பிறகு நானும் விரலை விட்டேன். மழை நின்று நான்கு நாள்கள் ஆகியும் உள்ளே ஈரம் இருந்தது.

மறுமொழி:
ஐயா, அவை விரல் தடங்கள் அல்ல. ரோமானியர்கள் கருங்கற்களைத் தூக்கும்போது இரும்புக் கிடுக்கி நழுவாமல் பற்றுவதற்காக வெட்டிய குழிகள் அவை. துளியும் சாந்து இல்லாமல், கல்லின் எடையே கல்லைப் பிடித்து நிற்கும்படி அடுக்கிய கொத்தர்களின் உழைப்பைச் சாத்தானின் கணக்கில் எழுதுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. தன்னைத்தானே கைப்பேசியில் படமெடுக்கும் சாத்தானின் வெண்கலச் சிலையை 2019இல் அங்கே நிறுவினார்கள். ஊராரில் சிலர் அதை எதிர்த்து நீதிமன்றம் வரை சென்றார்கள். நான் போனபோது ஒரு முதியவர் முகத்தைத் திருப்பி, சிலுவைக் குறியிட்டபடியே அதைக் கடந்தார். இன்றும் அவர் நினைவுக்கு வருகிறார்.

மறுமொழி:
கொத்தர்களை மறைத்தது கதை என்று நான் எண்ணவில்லை. பாலத்தில் பதித்திருந்த வெண்கல எழுத்துகளே உதிர்ந்துபோய், அவற்றைப் பொருத்திய துளைகள்தான் மிஞ்சியிருக்கின்றன, கதையோ மிஞ்சியிருக்கிறது. குறைந்துபோன அந்த ஒற்றைக் கல்லின் இடம் என்று சொல்லப்படும் மாடத்தில் இப்போது மாதா நிற்கிறார். என்னுடன் வந்த அம்மா கீழிருந்தே அண்ணாந்து, வெகுநேரம் கைகூப்பி நின்றார்.

இனிப் போகிறவர்களுக்கு: மத்ரீத்திலிருந்து அதிவேக ரயிலில் அரை மணி நேரந்தான், ஆனால் நிலையம் ஊருக்கு வெளியே வயல்வெளியில் இருக்கிறது, அங்கிருந்து 11ஆம் எண் பேருந்து நேராகப் பாலத்தடிக்கு வரும். சதுக்கத்தோடு திரும்பிவிடாதீர்கள். பக்கத்துப் படிக்கட்டில் ஏறினால் மேல் வாய்க்காலின் மட்டத்திலிருந்து பார்க்கலாம். பிறகு வளைவுகள் குட்டையாகிக்கொண்டே போகும் திசையில் நடந்தால், தண்ணீரிலிருந்து மணலைப் படியவைத்த பழைய கல்வீடு வரும். அங்கே கூட்டமே இருப்பதில்லை. கல்தரையில் ஏற்ற இறக்கம் அதிகம், வழுக்காத காலணி அணிந்து செல்லுங்கள்.