முந்தானையை இறக்கிவிட்டார்கள்

சிந்துபூந்துறை:
நெல்லையில் 2023 டிசம்பரில் வந்த வெள்ளம் எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். தண்ணீர் வடிந்து பத்து நாள் இருக்கும். ஒரு டிவியிலிருந்து நிதி திரட்டும் நிகழ்ச்சிக்காக எங்கள் தெருவுக்கு வந்தார்கள். பக்கத்து வீட்டு ஆச்சி வாசலில் பாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மைக்கைக் கண்டதும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தொகுப்பாளர் பெண் ஆச்சியின் கையைப் பிடித்து, அன்பாகத்தான், முந்தானையை இறக்கிவிட்டாள். "முகம் தெரியணும் ஆச்சி." ஆச்சி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சும்மா நின்றேன். ஒளிபரப்பில் அந்த இடத்துக்கு வயலின் போட்டிருந்தார்கள். ஆச்சி அன்றைக்கு அழவே இல்லை. டிவியில் அழுகிற மாதிரி இருந்தது.

உவரிக்காரன்:
தங்கச்சி, கோபம் நியாயம்தான். ஆனால் 2004 டிசம்பர் 26, கடல் ஊருக்குள் வந்தபோது எனக்குப் பதினாலு வயது. டிவியில் எங்கள் சனம் அழுததைப் பார்த்துத்தான் முகம் தெரியாத ஊர்க்காரர்கள் லாரியில் அரிசி கொண்டுவந்தார்கள். எனக்கு ஒரு பள்ளிச் சட்டை கிடைத்தது. பையில் பேட்ஜ் பிரித்த நூல் தடம் அப்படியே இருந்தது. ரெண்டு வருஷம் அதைத்தான் போட்டேன். அந்த அழுகையைக் காட்டாமல் இருந்தால் சட்டை ஏது?

அம்பை:
அண்ணாச்சி சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அமெரிக்காவில் நகைச்சுவை நடிகர் ஜெர்ரி லூயிஸ் தசைச்சிதைவு நோய்க்காக 1966 முதல் 2010 வரை வருஷாவருஷம் நடத்திய நிதி திரட்டும் டிவி நிகழ்ச்சியை அங்கே வேலையில் இருந்தபோது விடிய விடியப் பார்த்தேன். பாட்டு, சிரிப்பு, திடீரென்று சக்கர நாற்காலியில் ஒரு குழந்தை, கண்ணீர். உடனே மேளம் உருளும், பலகையில் தொகை ஏறும். அப்படிக் காட்டப்பட்ட குழந்தைகளில் சிலர் வளர்ந்தபின் 1990களில் அந்த நிகழ்ச்சியையே எதிர்த்துப் போராடினார்கள். பரிதாபம் காட்டித்தான் காசு வரும் என்றால் அவர்கள் ஏன் போராட வேண்டும்?

சரி, கொடுக்க நினைக்கிறவர்களுக்கு. முதலமைச்சர் நிவாரண நிதிக்கு நேராக அனுப்புங்கள், ரசீதைப் பத்திரமாக வையுங்கள். பழைய வருமான வரிமுறையில் முழுத் தொகைக்கும் கழிவு உண்டு. பொருளாகக் கொடுப்பதென்றால் பழந்துணி வேண்டாம். பாய், போர்வை, நாப்கின், கொசுவலை, பிள்ளைகளுக்கு நோட்டு கொடுங்கள். முதலில் தெருவில் கேட்டுவிட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் ஒரே வீட்டுக்கு நாலு பக்கெட் போய்விடும். அப்புறம், பொட்டலம் கொடுக்கும்போது படம் எடுக்கவே எடுக்காதீர்கள். வாங்குகிற கை வேண்டாமென்று சொல்லத் தயங்கும்.

சிந்துபூந்துறை:
உதவி வந்தது, அண்ணாச்சி. ஆச்சி கேஸ் அடுப்பு வாங்கினாள். நான் அதைக் கேட்கவில்லை. அவள் என்னைப் பார்த்தாளே, அதற்கு என்ன செய்ய?